பள்ளிச் செவிலியரின் அன்றாட வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாகப் பள்ளியில் பணிக்குச் சேரும் செவிலியர்கள் கேட்பவையும், ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்பவையும் இங்கே கலந்தே இருக்கின்றன. மருந்தளவுகளும் விடுப்பு நாட்களும் பரவலான நடைமுறையில் உள்ளவை. உங்கள் பள்ளியின் நெறிமுறையோ, ஒரு குழந்தைக்கு அதன் மருத்துவர் எழுதிக்கொடுத்த திட்டமோ வேறு சொன்னால், அதையே பின்பற்றுங்கள்.

முதல் மணி அடிப்பதற்கு முன் செய்ய என்ன இருக்கிறது?

நாளின் அமைதியான நேரம் அது ஒன்றுதான். அதை வீணாக்கக் கூடாது. முதலில் மருந்துக் குளிர்பெட்டி. உள்ளே 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். காலையில் 5 டிகிரி காட்டுகிறது என்பது மட்டும் போதாது. இரவில் மின்சாரம் போய் வந்திருக்கலாம், குளிர் அதிகமாகி மருந்து உறைந்து இளகியும் இருக்கலாம். அதனால் உச்ச அளவையும் தாழ்ந்த அளவையும் நினைவில் வைக்கும் தெர்மாமீட்டர் வாங்கி, மூன்று எண்களையும் குறித்துவையுங்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின், இளகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும் வேலை செய்யும் என்று நம்ப முடியாது. குப்பைக்குத்தான் போக வேண்டும்.

அடுத்து, இதயத்துக்கு மின்னதிர்வு கொடுக்கும் கருவி. தயார் விளக்கு எரிகிறதா, நெஞ்சில் ஒட்டும் பட்டைகளின் காலாவதித் தேதி தாண்டிவிட்டதா என்று பாருங்கள். பட்டையில் உள்ள பசை உலர்ந்துவிட்டால் கருவி நன்றாக இருந்தும் பயனில்லை. பிறகு அன்றைய மருந்து அட்டவணை, விளையாட்டுப் போட்டிக்கோ சுற்றுலாவுக்கோ வெளியே போகிற வகுப்புகள், விடுப்பில் இருக்கும் ஆசிரியர்கள். கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மாற்று ஆசிரியருக்கு அந்த வகுப்பில் யாருக்கு வலிப்பு வரும், யாருக்குக் கடலை ஆகாது என்று தெரிந்திருக்காது. அந்த வகுப்புக்குப் போய் இரண்டு நிமிடம் பேசிவிட்டு வருவது நாளின் மிகப் பயனுள்ள இரண்டு நிமிடமாக இருக்கும்.

வருகிற எல்லாருக்கும் உண்மையிலேயே உடம்பு சரியில்லையா?

எல்லாருக்கும் ஏதோ ஒன்று சரியில்லை. அது உடம்புதானா என்பது வேறு விஷயம். தூக்கம் போதாதவர், காலையில் சாப்பிடாமல் வந்தவர், தோழியோடு சண்டை போட்டவர், அடுத்த பாடவேளையில் தேர்வு இருப்பவர் எல்லாருமே "சிஸ்டர், தலை வலிக்குது" என்றுதான் வருவார்கள். கூட்டம் மூன்று நேரங்களில் கூடும்: முதல் பாடவேளை, இடைவேளை முடிந்த கையோடு, மதிய உணவுக்குப் பின். இடைவேளைக் கூட்டத்தில் பெரும்பாலும் சிராய்ப்பும் வீக்கமும். முதல் பாடவேளையில் வருவதைத்தான் கூர்ந்து கவனிக்க வேண்டும். வீட்டிலேயே தொடங்கியதும் பள்ளியை நினைத்தவுடன் தொடங்கியதும் அப்போதுதான் வரும்.

யார் வந்தாலும் எடுக்க வேண்டிய முடிவு மூன்றில் ஒன்று: வகுப்புக்குத் திரும்பலாம், வீட்டுக்குப் போக வேண்டும், மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருந்து போடுவதும் கட்டுக் கட்டுவதும் எளிது. இந்த முடிவுதான் வேலை.

வயிற்று வலி என்று வருபவரை எப்படிப் பிரித்தறிவது?

இதற்கு நேரம் ஒதுக்குங்கள். அதிகம் வருவதும் இதுதான், அதிகம் ஏமாற்றுவதும் இதுதான்.

கதவிலிருந்து கட்டில் வரை நடந்து வருவதிலேயே பாதி தெரிந்துவிடும். நிமிர்ந்து, சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டு வருகிற பிள்ளை ஒன்று. வலப்பக்கம் கையை வைத்துக் குனிந்தபடி, காலை அழுத்தி ஊன்றாமல் வருகிற பிள்ளை வேறு. எங்கே வலிக்கிறது என்று ஒரே விரலால் காட்டச் சொல்லுங்கள். தொப்புளையே சுற்றிச் சுற்றிக் காட்டினால் பெரும்பாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. தொப்புளருகே தொடங்கிய வலி சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கியிருந்தால் குடல்வாலைச் சந்தேகிக்க வேண்டும். நின்ற இடத்திலேயே ஒருமுறை குதிக்கச் சொல்லலாம். குடல்வால் அழற்சி உள்ளவர் குதிக்க மாட்டார், குதித்தால் முகம் சுளிக்கும்.

அடுத்து கேட்க வேண்டியவை: கடைசியாக என்ன, எப்போது சாப்பிட்டாய்? கடைசியாக எப்போது மலம் கழித்தாய்? பள்ளிக் கழிப்பறைக்குப் போகக் கூச்சப்பட்டு நாள் முழுக்க அடக்கி வைக்கிற பிள்ளைகள் நிறைய. வயிற்று வலிக்கு மலச்சிக்கல் மிகச் சாதாரணமான காரணம். சிறு பிள்ளைகளுக்குத் தொண்டை அழற்சியே வயிற்று வலியாக வெளிப்படும். அதனால் வாயைத் திறந்து தொண்டையைப் பாருங்கள். சில வாரங்களாக அதிகத் தாகம், அடிக்கடிச் சிறுநீர், எடைக் குறைவு, இப்போது வாந்தியோடு வயிற்று வலி என்றால் இதுவரை கண்டறியப்படாத சர்க்கரை நோயாக இருக்கலாம். குளூக்கோமீட்டரில் ஒரு சொட்டு ரத்தம் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

பதின்வயதுப் பையன்களிடம் இன்னொரு கேள்வியும் உண்டு: விதைப்பையில் வலி இருக்கிறதா? வெட்கத்தில் "அடிவயிறு" என்றுதான் சொல்வார்கள். விதை முறுக்கிக்கொண்டிருந்தால் ஏறக்குறைய 6 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்தாக வேண்டும். தாமதித்தால் விதையையே இழக்க நேரும். கேட்கக் கூச்சப்படுகிற செவிலியரால் இந்த நேரம் கழிந்துவிடக் கூடாது.

எதுவும் அகப்படவில்லை, ஆனால் ஒவ்வொரு செவ்வாயும் மூன்றாம் பாடவேளையில் வலி வருகிறது என்றால் பதில் வயிற்றில் இல்லை, கால அட்டவணையில் இருக்கிறது. வலி பொய் என்று இதற்குப் பொருளல்ல. பயத்தில் குடல் இறுகும்போது நிஜமாகவே வலிக்கும். பத்து நிமிடம் படுக்கவைத்து, தண்ணீர் கொடுத்து, வகுப்புக்கு அனுப்பிவிட்டு, வகுப்பாசிரியரிடமும் ஆலோசகரிடமும் பேசுங்கள். ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு அனுப்பினால் அடுத்த வாரம் வலி இரண்டு நாள் வரும்.

எவ்வளவு காய்ச்சல் இருந்தால் வீட்டுக்கு அனுப்ப வேண்டும்?

38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட். வெயிலில் ஓடியாடிவிட்டு நேராக வந்த பிள்ளையின் நெற்றியில் கருவியை வைத்தால் அளவு தப்பாக வரும். 15 நிமிடம் உட்காரவைத்து, வியர்வையைத் துடைத்துவிட்டு அளக்க வேண்டும். வாய்வழி அளப்பதானால் தண்ணீர் குடித்தும் 15 நிமிடம் ஆகியிருக்க வேண்டும்.

எண்ணை மட்டும் பார்க்க வேண்டாம். 37.6 டிகிரிதான், ஆனால் பிள்ளை துவண்டு கிடக்கிறது, அழுத்தினாலும் மறையாத செந்நிறப் புள்ளிகள் தோலில் இருக்கின்றன, கழுத்தைக் குனிய முடியவில்லை என்றால் வீட்டுக்கல்ல, மருத்துவமனைக்கு.

திரும்ப எப்போது பள்ளிக்கு வரலாம்?

காய்ச்சல் மாத்திரை போடாமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் வரலாம். 'போடாமலேயே' என்பதைப் பெற்றோரிடம் அழுத்திச் சொல்லுங்கள். காலை ஏழு மணிக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினால் பதினொரு மணிக்கு அதே பிள்ளை உங்கள் கட்டிலில் இருக்கும். வாந்தி பேதி என்றால் கடைசியாகப் போனதிலிருந்து 48 மணி நேரம்; சில இடங்களில் 24 என்று வைத்திருக்கிறார்கள். சின்னம்மையில் எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குத் தட்ட வேண்டும். பொதுவாகத் தடிப்பு தோன்றி ஐந்து நாள் ஆகும். தட்டம்மைக்குத் தடிப்பு தோன்றியதிலிருந்து நான்கு நாள். பாக்டீரியாவால் வந்த தொண்டை அழற்சிக்கு ஆன்டிபயாடிக் தொடங்கி 24 மணி நேரம்.

வாந்தி பேதி பரவும் காலத்தில் கைக்குத் தடவும் ஆல்கஹால் திரவத்தை நம்பி இருக்காதீர்கள். அதற்கு அடிக்கடி காரணமாகும் நோரோவைரஸை அது சரியாக அழிப்பதில்லை. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வழி.

பெற்றோர் கொடுத்தனுப்பிய மருந்தைக் கொடுக்க ஏன் இத்தனை கெடுபிடி?

ஓர் எடுத்துக்காட்டு. "காய்ச்சல் வந்தால் ஒரு ஸ்பூன் பாராசிட்டமால் கொடுங்கள்" என்று சீட்டு எழுதி, பெயரில்லாத சிறு குப்பியில் சிரப் வந்திருக்கிறது. பிள்ளையின் எடை 18 கிலோ. எடையில் கிலோவுக்கு 15 மி.கி. என்று கணக்கிட்டால் 270 மி.கி. தேவை. சிரப்போ 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ளதும் உண்டு, 250 மி.கி. உள்ளதும் உண்டு. முதலாவதானால் ஒரு ஸ்பூன் பாதி அளவைக்கூட எட்டாது. இரண்டாவதானால் சரியாக இருக்கும். குப்பியைப் பார்த்து எதுவென்று சொல்ல முடியாது. காலையில் வீட்டில் ஏற்கெனவே கொடுத்தார்களா என்பதும் தெரியாது. இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம் இடைவெளி வேண்டும்.

அதனால்தான் விதி: மருந்து வாங்கிய டப்பாவிலேயே, பிள்ளையின் பெயரும் அளவும் எழுதிய ஒட்டுச்சீட்டோடு, பெற்றோரின் கையெழுத்திட்ட அனுமதியோடு, பெரியவர் ஒருவர் கையால் வர வேண்டும். பிள்ளையின் பையில் வரக் கூடாது. ஆஸ்பிரின் எந்தச் சூழ்நிலையிலும் 16 வயதுக்குட்பட்டவருக்கு மருத்துவர் சொல்லாமல் கிடையாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரை நோய்க்குறி வர வாய்ப்பு இருக்கிறது.

மருந்து கொடுப்பதில் எங்கே தவறு நேர்கிறது?

கூட்டத்தில். மதியம் ஒரே நேரத்தில் ஆறு பேருக்கு மாத்திரை, அதே நேரத்தில் கதவருகே மூக்கில் ரத்தத்தோடு ஒருவர், மேசையில் தொலைபேசி அடிக்கிறது. இப்படித்தான் ஒரே முதலெழுத்தும் ஒரே பெயரும் உள்ள இரண்டு பிள்ளைகளில் ஒருவரின் மாத்திரை மற்றவருக்குப் போகிறது. மருந்து அட்டையில் புகைப்படம் ஒட்டிவைப்பது இதற்கு நல்ல தடுப்பு. "நீ தானே கவிதா?" என்று கேட்காதீர்கள், தூக்கக் கலக்கத்தில் இருக்கிற பிள்ளை எதற்கும் தலையாட்டும். "உன் முழுப் பெயர் என்ன, பிறந்த தேதி என்ன?" என்று கேளுங்கள்.

பெயர், மருந்து, அளவு, வழி, நேரம் ஆகிய ஐந்தையும் டப்பாவை எடுக்கும்போது, மாத்திரையைக் கிண்ணத்தில் போடும்போது, டப்பாவைத் திருப்பி வைக்கும்போது என மூன்று முறை ஒத்துப்பாருங்கள். விழுங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்து. முன்கூட்டியே ஆறு கட்டங்களிலும் கையெழுத்துப் போட்டுவைப்பது மோசமான பழக்கம். வராமல் போன பிள்ளைக்கும் கொடுத்ததாகப் பதிவாகிவிடும்.

கவனக்குறைவுக் கோளாறுக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் போன்ற கட்டுப்பாட்டு மருந்துகளை வாங்கும்போது இருவர் சேர்ந்து எண்ணி, இருவரும் கையெழுத்திட வேண்டும். பூட்டிய அலமாரிக்குள் வைக்க வேண்டும். குறுகிய நேரம் வேலை செய்யும் வகை ஏறக்குறைய 4 மணி நேரமே தாங்கும். அதனால்தான் மதிய வேளை மருந்து. மறந்துபோய் மாலை நான்கு மணிக்குக் கொடுத்தால் இரவுத் தூக்கம் போகும். விட்டது விட்டதாகவே இருக்கட்டும், பெற்றோருக்குச் சொல்லிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் பூட்டக் கூடாது: இன்ஹேலர், அட்ரினலின் ஊசி, குளூக்கோஸ் போன்ற அவசர மருந்துகள். சாவி யாரிடம் என்று தேடும் நிமிடங்கள் அந்தப் பிள்ளைக்கு இல்லாத நிமிடங்கள்.

வீசிங் வந்தால் படிப்படியாக என்ன செய்ய வேண்டும்?

நிமிர்ந்து உட்காரவையுங்கள், படுக்கவைக்க வேண்டாம். சால்பியூட்டமால் இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, மருந்தைப் பிடித்துவைத்து மூச்சில் இழுக்க உதவும் குழாயான ஸ்பேசரில் பொருத்தி, ஒரு முறை அழுத்தி, நான்கைந்து மூச்சு இழுக்கவிடுங்கள். மறுபடி குலுக்கி அடுத்தது. இப்படி நான்கு முறை. நான்கு நிமிடம் காத்திருந்து பாருங்கள். சரியாகவில்லை என்றால் மறுபடி நான்கு. அப்போதும் குறையாவிட்டால் ஆம்புலன்ஸ். அது வரும் வரை மருந்தைத் தொடர வேண்டும். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளிழுத்தாலோ முதலிலேயே ஆம்புலன்ஸை அழைத்துவிடுங்கள். இரைந்துகொண்டிருந்த நெஞ்சு திடீரென்று அமைதியாகி, பிள்ளை சோர்ந்தால் நிம்மதி அடைய வேண்டாம். காற்றே போகவில்லை என்று பொருள்.

மருந்து போட்டும் கேட்கவில்லை என்று சொல்லப்படும் பல நேரங்களில் மருந்து உள்ளே போகவே இல்லை. இன்ஹேலர் காலியாக இருக்கும்: எண்ணிக்கை காட்டும் சாளரம் இல்லாத வகையில், மருந்து தீர்ந்த பிறகும் உந்துவாயு மட்டும் சீறிக்கொண்டு வரும். தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது நம்பத்தகாதது. குலுக்காமல் அழுத்தியிருப்பார்கள், அல்லது நான்கையும் ஒரே மூச்சில் அடைத்திருப்பார்கள். ஸ்பேசரைத் துணியால் துடைத்திருந்தால் உள்சுவரில் நிலைமின்சாரம் ஏறி, மருந்துத் துகள்கள் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, துடைக்காமல் தானாக உலரவிட வேண்டும். ஒருவர் வாய் வைத்த ஸ்பேசரை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது.

கடும் ஒவ்வாமை என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

தோலில் தடிப்பு மட்டும் என்றால் கவனித்துப் பார்க்கலாம். தடிப்போடு குரல் கம்முதல், இருமல், மூச்சிரைப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, வெளிறிப்போய்த் துவளுதல் இவற்றில் ஏதாவது சேர்ந்தால் அட்ரினலின் ஊசி, உடனே. ஒவ்வாமை மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதான் வழக்கமான பிழை. அது அரிப்பைக் குறைக்கும், மூச்சுக்குழாயையும் ரத்த அழுத்தத்தையும் காப்பாற்றாது.

பேனா ஊசி பொதுவாக 15 முதல் 30 கிலோ வரை 0.15 மி.கி., அதற்கு மேல் 0.3 மி.கி. தொடையின் வெளிப்பக்கம், நடுவில், உடைக்கு மேலேயே குத்தலாம். பைக்குள் சாவி, பேனா இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். முஷ்டியில் பிடியுங்கள், முனையில் கட்டைவிரலை வைக்காதீர்கள். தலைகீழாகப் பிடித்துத் தன் கட்டைவிரலில் தானே குத்திக்கொள்வது அவசரத்தில் நடக்கக்கூடியது. பிறகு படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் கால் நீட்டி உட்காரலாம். எழுந்து நடக்கவிடக் கூடாது. திடீரென நிற்கும்போது ரத்த அழுத்தம் சரிந்து இதயமே நின்றுபோகலாம். ஐந்து நிமிடத்தில் தெளியவில்லை என்றால் இரண்டாவது ஊசி. தெளிந்துவிட்டாலும் மருத்துவமனை கட்டாயம், சில மணி நேரம் கழித்து ஒவ்வாமை மறுபடி தாக்கலாம்.

இந்த ஊசியைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டாம். சாளரத்தில் தெரியும் மருந்து பழுப்பாகவோ கலங்கியோ இருந்தால் மாற்றுங்கள்.

முதல் வகை சர்க்கரை நோயுள்ள மாணவருக்கு ஒரு நாளில் என்ன தேவைப்படும்?

சாப்பாட்டுக்கு முன், விளையாட்டுக்கு முன், தேர்வுக்கு முன் அளவு பார்க்க வேண்டும். சாப்பாட்டின் மாவுச்சத்துக் கணக்குக்கேற்ப இன்சுலின். விரலைக் கழுவாமல் பார்த்தால், சற்று முன் உரித்த பழத்தின் சர்க்கரைகூட அளவை உயர்த்திக் காட்டும். விரல் நுனியின் நடுவில் குத்த வேண்டாம், பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு.

ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மி.கி.க்குக் கீழே போனால் 15 கிராம் வேகமாகக் கரையும் சர்க்கரை கொடுங்கள்: 4 கிராம் குளூக்கோஸ் மாத்திரை நான்கு, அல்லது 150 மி.லி. பழச்சாறு. சிறு பிள்ளைகளுக்கு இதைவிடக் குறைவாகவே போதும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சாக்லேட் உதவாது, கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். தோலில் ஒட்டிய சென்சார் பின்தங்கியே காட்டும், ஏனென்றால் அது அளப்பது ரத்தத்தை அல்ல, திசுநீரை. சர்க்கரை கொடுத்த பிறகும் சென்சார் 62 காட்டுகிறது என்று பதறி இன்னும் இன்னும் ஊட்டாமல், விரலில் குத்திப் பாருங்கள்.

ஆசிரியர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: சர்க்கரை குறைந்திருக்கும் பிள்ளையை மருத்துவ அறைக்குத் தனியாக அனுப்பாதீர்கள். படிக்கட்டில் மயங்கி விழுந்தால் யாருக்கும் தெரியாது. முடிந்தால் சர்க்கரையை வகுப்பிலேயே கொடுத்துவிட்டு அனுப்புங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ரத்தச் சர்க்கரையை உயர்த்தும் குளுக்ககான் மருந்து, ஆம்புலன்ஸ்.

வலிப்பு வந்தால் கையில் சாவி, வாயில் ஸ்பூன்?

இரண்டும் வேண்டாம். ஸ்பூனால் உடைவது பல். நாக்கை யாரும் விழுங்கிவிட முடியாது. கடிகாரத்தைப் பாருங்கள், சுற்றியுள்ள மேசை நாற்காலியை நகர்த்துங்கள், தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வையுங்கள், கைகால்களைப் பிடித்து அமுக்காதீர்கள். துடிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். 5 நிமிடத்தைத் தொட்டால் திட்டத்தில் எழுதியிருக்கும் அவசர மருந்தும் ஆம்புலன்ஸும். மற்ற மாணவர்களை வெளியே அழைத்துப் போக ஒரு ஆசிரியர் வேண்டும். சிறுநீர் பிரிந்திருக்கலாம், மாற்று உடையும் ஒரு போர்வையும் தயாராக இருக்கட்டும்.

அடிகள், காயங்களில் அடிக்கடி தவறாகச் செய்யப்படுவது எது?

மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து வைப்பது. ரத்தம் தொண்டைக்குள் இறங்கி வாந்தி வரும். முன்பக்கம் சாய்ந்து, எலும்புக்குக் கீழே உள்ள மென்மையான பகுதியை முழுதாக 10 நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். நின்றுவிட்டதா என்று நடுவில் விட்டுப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. அரை மணி நேரத்தில் நிற்காவிட்டால் மருத்துவமனை.

நிரந்தரப் பல் வேரோடு விழுந்தால் தேய்த்துக் கழுவுவது. வேரில் ஒட்டியிருக்கும் செல்கள் உயிரோடு இருந்தால்தான் பல் மறுபடி பிடிக்கும். மேல்பகுதியைப் பிடித்து, அழுக்கிருந்தால் பாலில் லேசாக அலசி, பிள்ளை விவரம் தெரிந்தவராக இருந்தால் குழியிலேயே திரும்பப் பொருத்தி, துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லலாம். முடியாவிட்டால் பாலில் போட்டு, அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம். பால்பல்லைத் திரும்பப் பொருத்தக் கூடாது.

தீக்காயத்துக்கு ஐஸ் வைப்பது. ஓடும் தண்ணீரில் 20 நிமிடம், அவ்வளவுதான். ஆய்வகத்தில் கண்ணில் ரசாயனம் பட்டாலும் 15 முதல் 20 நிமிடம் கழுவ வேண்டும். நின்றபடி இரண்டு நிமிடத்தில் "சரியாப்போச்சு" என்று பிள்ளை சொல்வதைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள்.

தலையில் அடி எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பெற்றோருக்குத் தொலைபேசி, கையில் எழுத்து. நினைவு தப்பியது, ஒன்றுக்கு மேற்பட்ட வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழப்பமான பேச்சு, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் என்றால் மருத்துவமனை. மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தால் அன்று விளையாட்டு கிடையாது, பயிற்சியாளர் எவ்வளவு கெஞ்சினாலும்.

பேன் இருந்தால் வீட்டுக்கு அனுப்ப வேண்டுமா?

வேண்டாம். பேன் பறக்காது, குதிக்காது. தலையோடு தலை உரசினால் பரவும். நீங்கள் கண்டுபிடிக்கும்போது அது பல வாரங்களாக அங்கே இருந்திருக்கும், இன்று மதியம் விரட்டுவதால் எதுவும் மாறாது. மாலையில் பெற்றோரிடம் தனியாகச் சொல்லுங்கள். பேன் மருந்தை 7 முதல் 10 நாள் இடைவெளியில் இரண்டாம் முறை போடாததுதான் திரும்ப வரக் காரணம், ஏனென்றால் முதல் முறை தப்பிய ஈர்கள் அதற்குள் பொரித்துவிடும். வகுப்பையே வரிசையில் நிற்கவைத்துத் தலை பார்ப்பது அவமானம் தவிர வேறெதையும் தருவதில்லை.

கண், காது பரிசோதனைகளில் கவனிக்க வேண்டியது?

கண் அட்டை 6 மீட்டரில் என்றால் தரையில் ஒட்டுநாடா ஒட்டி, குதிகால் அதில் படும்படி நிற்கவையுங்கள். பிள்ளைகள் முன்னால் நகர்ந்துகொண்டே வருவார்கள். கண்ணை விரல்களால் மூடவிட்டால் இடுக்கு வழியே பார்ப்பார்கள், அழுத்தி மூடினால் அந்தக் கண் சிறிது நேரம் மங்கும். குழிந்த உள்ளங்கையோ மூடுகரண்டியோ சரி. வரிசையில் காத்திருப்பவர்கள் அட்டையை மனப்பாடம் செய்துவிடாதபடி கதவுக்கு வெளியே நிற்கட்டும். கண்ணாடி இருந்தால் போட்டபடியே பாருங்கள். இரண்டு கண்ணுக்கும் நடுவே இரண்டு வரி வித்தியாசம் வந்தால், நன்றாகத் தெரியும் கண் எவ்வளவு நன்றாக இருந்தாலும், கண் மருத்துவருக்கு அனுப்புங்கள். ஒரு கண்ணில் பார்வை சரியாக வளராத சோம்பல் கண்ணைச் சின்ன வயதில் திருத்துவது எளிது.

காதுக்கு 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் ஒலிகளை 20 டெசிபலில் கேட்கவைப்பது வழக்கம். தோற்பவர்களில் பலருக்குச் சளியோ காதுக்குறும்பியோ இருக்கும். சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள். மைதானத்தை ஒட்டிய அறையில் பரிசோதித்தால் வகுப்பே தோற்கும். எடையை ஒருபோதும் சத்தமாகப் படிக்காதீர்கள்.

மாதவிடாய்க்கு என்ன ஏற்பாடு வேண்டும்?

கேட்டு வாங்க வேண்டாத இடத்தில் நாப்கின், மாற்று உள்ளாடை, வெந்நீர்ப் பை, காகிதப் பை. ஒன்றிரண்டு மணி நேரத்துக்கொரு நாப்கின் நனைந்தாலோ, 7 நாளுக்கு மேல் நீடித்தாலோ, ஒவ்வொரு மாதமும் பள்ளிக்கு வர முடியாத வலி இருந்தாலோ மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். "எல்லாருக்கும் இப்படித்தான்" என்று அனுப்பிவிடக் கூடாது.

பதிவேட்டில் எப்படி எழுத வேண்டும்?

"கையில் அடி, மருந்து போட்டு அனுப்பினேன்" என்பது பதிவல்ல. இப்படி இருக்கட்டும்:

"10.42. ஊஞ்சலிலிருந்து விழுந்ததாகச் சொல்கிறாள். இடது முழங்கையின் வெளிப்பக்கம் 3 செ.மீ. சிராய்ப்பு, லேசான ரத்தக் கசிவு. வீக்கம் இல்லை, முழுதாக மடக்கி நீட்டுகிறாள், விரல்கள் சூடாக, உணர்வோடு உள்ளன. தண்ணீரில் கழுவிக் கட்டு. 10.55 வகுப்புக்குத் திரும்பினாள். 11.05 தாயிடம் தொலைபேசியில் சொன்னேன்."

பார்த்ததையும் பிள்ளை சொன்னதையும் தனித்தனியே எழுதுங்கள். விழுந்ததை நீங்கள் பார்க்கவில்லை, அதனால் "சொல்கிறாள்". தவறாக எழுதிவிட்டால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம். வெள்ளை மை கூடாது. மாதம் ஒருமுறை பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டுங்கள். ஒரே ஏணிப்படியில் நான்கு பேர் விழுந்திருந்தால் பழுதுபார்க்க வேண்டியது ஏணிப்படியை.

மாணவர் ரகசியமாகச் சொன்னதை யாரிடம் சொல்லலாம்?

வகுப்பாசிரியருக்கு அவர் செயல்படத் தேவையான அளவு மட்டும்: "ஓடிய பிறகு இருமினால் இன்ஹேலர்" என்பது போதும், நோய் வரலாறு வேண்டாம். ஆனால் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. ஓடி விழுகிற பிள்ளைக்கு முழங்காலிலும் நெற்றியிலும் காயம் இருப்பது இயல்பு. காதில், கழுத்தில், முதுகில், வயிற்றில் கன்றல், அல்லது ஒரு பொருளின் வடிவத்தில் தழும்பு என்றால் இயல்பல்ல. துருவித் துருவி விசாரிக்காதீர்கள், அது புலனாய்வு செய்பவர் வேலை. "என்ன ஆச்சு?" என்று ஒருமுறை கேட்டு, பிள்ளையின் சொற்களை அப்படியே எழுதி, சட்டம் சொல்லும் இடத்துக்கு அன்றே தெரிவியுங்கள். சாக வேண்டும் போலிருக்கிறது என்று சாடையாகச் சொல்லும் மாணவரிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பெரியவர் ஒருவர் பொறுப்பேற்கும் வரை தனியே விடாதீர்கள்.

ஒரு செவிலியருக்கு எத்தனை மாணவர்கள்?

அமெரிக்காவில் நெடுங்காலம் 750 பேருக்கு ஒருவர் என்ற கணக்கு புழங்கியது. இப்போது தலைக்கணக்கைவிடத் தேவையைப் பார்க்கச் சொல்கிறார்கள், அதுவே நியாயம்: குழாய்வழி உணவு தேவைப்படும் ஒரு பிள்ளைக்கு ஆகும் நேரம் சாதாரணமாக நூறு பேருக்கு ஆகாது. இந்த வேலை தொடங்கிய இடமும் அங்கேதான் என்று பலர் நினைப்பார்கள். லண்டனில் 1892-லேயே எமி ஹியூஸ் என்ற செவிலியர் பள்ளிக்குப் போய்க் குழந்தைகளைக் கவனித்திருக்கிறார். நியூயார்க்கில் 1902 அக்டோபரில் லில்லியன் வால்ட் என்ற செவிலியரின் முயற்சியால் லீனா ரோஜர்ஸ் என்ற செவிலியர் நான்கு பள்ளிகளில் ஒரு மாதச் சோதனையாக அமர்த்தப்பட்டார். அதுவரை மருத்துவர்கள் தொற்றுள்ள பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவதோடு சரி. சிகிச்சை கொடுக்க யாரும் இல்லை. அவர் வீடு வரை போனார், பிள்ளைகள் திரும்பி வந்தார்கள், நகரம் மேலும் செவிலியர்களை நியமித்தது.

ஆண்டு முடிவில் என்ன வேலை?

மீதமுள்ள மருந்துகளைப் பெற்றோரை அழைத்து எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது. வாங்க வராதவற்றைச் சாட்சியோடு அழித்துப் பதிவு செய்வது. சாக்கடையில் கொட்டாமல் மருந்துக் கடையின் திரும்பப் பெறும் வசதிக்கு அனுப்புவது. ஊசிக் கழிவுப் பெட்டி முக்கால்வாசி நிறைந்திருந்தால் மூடி முத்திரையிடுவது. இன்ஹேலர், பேனா ஊசி ஒவ்வொன்றின் காலாவதி மாதத்தையும் அடுத்த ஆண்டு நாட்காட்டியில் ஒரு மாதம் முன்னதாகக் குறிப்பது, ஏனென்றால் புதியது வாங்கிவரப் பெற்றோருக்கு அவ்வளவு நாள் பிடிக்கும். ஒவ்வாமை, ஆஸ்துமா, வலிப்பு, சர்க்கரைத் திட்டங்களின் புதிய படிவங்களை விடுமுறைக்கு முன்பே வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். பள்ளி திறந்த பிறகு கொடுத்தால், கையெழுத்தாகி வந்து சேர்வதற்குள் முதல் வீசிங் வந்துவிடும்.